எந்த ஊரில் ஏமாறுவது மலிவு?

காணும் பொங்கலன்று ஊர் உலகமெல்லாம் மெரினாவுக்குப் போய் மணலை மிதிக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்கு சகலைகள் இருவரும் உட்கார்ந்து ஒருவர் ஊரை மற்றவர் மிதிப்போம். எனக்கு மேற்குத் தாம்பரம், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. அவருக்கு ஆவடி, ஸ்டேஷனிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி. “உள்ளே தள்ளி” என்ற இரண்டு சொல்லில்தான் எங்கள் இருவரின் வாழ்க்கையும் இருக்கிறது. உள்ளே தள்ளியது யார் என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை.

“சகல, தாம்பரத்துல இருந்து என்னத்தக் கண்டீங்க? வாடகைக்கே உயிர் போவுது. பேசாம ஆவடிக்கு வந்துடுங்க. ரெண்டாயிரத்தி ஐந்நூறு சுளையா மிச்சம்” என்றார், மூன்றாவது வடையைக் கையில் எடுத்துக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்றது. வடை எங்கள் வீட்டு வடை. எண்ணெயும் உளுந்தும் தாம்பரத்து விலை.

“வெறும் வாடகைய வெச்சுப் பேசாதீங்க சகல. மொத்தச் செலவையும் எழுதிப் பாப்போம்” என்றேன். என் மனைவி ஒரு பழைய டைரியையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். அக்காவும் தங்கையும் அடுக்களையிலிருந்து காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம். இந்தப் பக்கம் தாம்பரம், அந்தப் பக்கம் ஆவடி.

கணக்குக்குப் போகும் முன் இரண்டு ஊரின் ஜாதகத்தையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதுபோல், ஊர் பார்க்கிறவனுக்கும் குலப்பெருமை முக்கியம்.

தாம்பரத்துக்குக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது 1931-ல். காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும் என்று 1928-ல் இங்கே சானடோரியம் கட்டினார்கள். அதாவது, ஒரு காலத்தில் மூச்சு விடுவதற்காக மக்கள் இங்கே வந்தார்கள். இன்று ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஆவடியின் ஜாதகம் அதைவிட அமோகம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, இந்த நாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது ஆவடியில்தான். தீர்மானம் பாடப் புத்தகத்துக்குப் போய்விட்டது. சமுதாயம் ஹவுஸ் ஓனர் கைக்குப் போய்விட்டது. ராணுவத்துக்கு டாங்க் செய்யும் தொழிற்சாலையும் ஆவடியில்தான் இருக்கிறது. நாட்டுக்கே டாங்க் அனுப்பும் ஊரில் என் சகலை வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலையில் எழுந்து காத்திருப்பது டாங்கர் லாரிக்கு.

இரண்டு ஊருக்கும் அரசாங்கம் பாரபட்சம் காட்டியதில்லை. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகக் கட்டித் தாம்பரத்தையும் மாநகராட்சி ஆக்கினார்கள். 2022 ஜனவரி முதல் தேதி இரண்டுக்கும் ஆளுக்கொரு போலீஸ் கமிஷனரேட். பட்டம் இரண்டு, அதிகாரி இரண்டு, பெயர்ப்பலகை இரண்டு. பலகைக்குக் கீழே ஓடுவது மட்டும் அதே பழைய சாக்கடை.

இனி கணக்கு.

முதல் வரி வாடகை. எனக்கு 14,000, அவருக்கு 11,500. சகலை பேனாவை வைத்துவிட்டு மீசையைத் தடவினார்.

என் சம்பளம் 35,000. நூற்றுக்கு நாற்பது ரூபாய் கூரைக்கே போகிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு தேசமே பணவீக்கம் பார்த்துவந்த நகர்ப்புற விலைக் குறியீட்டில் வீட்டுக்குக் கொடுத்த இடம் நூற்றுக்கு 21.67. அந்தக் குறியீட்டுக்குள் குடியிருக்கும் மனிதனை ஒருமுறை நேரில் பார்க்க எனக்கு ஆசை. அவனுக்கு வீடு பிடித்துக் கொடுத்த தரகரின் நம்பராவது வேண்டும்.

அட்வான்ஸைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று சிறு தகராறு வந்தது. வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றி 2017-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் அது அமலுக்கும் வந்தது. மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று அதில் பேசியிருக்கிறது. இந்தச் செய்தியை நான் என் ஹவுஸ் ஓனரிடம் மிகுந்த பணிவோடு எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “சட்டம் சொல்றது சரிதான் தம்பி. அந்தச் சட்டம் வீடு வெச்சிருந்தா அங்க போயி இருந்துக்கங்க” என்றார். ஆறு மாதம் கொடுத்தேன், 84,000. வட்டி கிடையாது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார். சுவரில் அழுக்கு இருந்தாலும் பிடிப்பார், இல்லாவிட்டாலும் பிடிப்பார்.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீடு பார்க்க வந்த அன்று தரகரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி எப்படிங்க?”

“தண்ணிப் பிரச்சினையே இல்ல சார்” என்றார்.

மனிதர் பொய் சொல்லவில்லை. குடிவந்து பீரோவை நகர்த்தி வைத்தபோதுதான் பின்சுவரில் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பெயின்ட், அதற்கு மேலே பழைய பெயின்ட். இரண்டும் சேரும் இடத்தில் காப்பிக் கறைபோல ஒரு கோடு, ரசமட்டம் வைத்து இழுத்த மாதிரி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் வந்து படுத்துக்கொண்டது ஊரறிந்த கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்தது. டிசம்பரில் எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. கதவைத் தட்டாமல் உள்ளே வரும். ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றி, சிலிண்டரைப் பரணில் சாய்த்து, ரேஷன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றால், ஐந்து மாதத்தில் லாரி லாரியாக விலைக்கு வாங்க வேண்டிய தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இலவசமாக நிற்கும். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் ஏன் என் கூடத்துக்கு வருகிறது? ஏரி இருந்த இடத்துக்கு மனைப் பட்டா வந்துவிட்டது. தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது, அது பழைய விலாசத்துக்கே வந்து நிற்கிறது.

இரண்டாவது வரி மெயின்டனன்ஸ். எனக்கு 1,000, அவருக்கு 700. எதை மெயின்டெயின் செய்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. எழுதிக்கொண்டோம்.

மூன்றாவது, லாரித் தண்ணீரில் எங்கள் பங்கு. எனக்கு 800, அவருக்கு 1,100. நான்காவது, குடிக்கிற கேன். எனக்கு மாதம் பன்னிரண்டு கேன், 35 ரூபாய் வீதம் 420. அவருக்குப் பதினான்கு கேன், 40 ரூபாய் வீதம் 560. உப்புத் தண்ணீரில் குளித்து, லாரித் தண்ணீரில் சமைத்து, கேன் தண்ணீரைக் குடிக்கிறோம். ஒரே வீட்டில் மூன்று நதி. திரிவேணி சங்கமத்துக்குப் பிரயாகைவரை போகிறவர்கள் எங்கள் குளியலறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கேன் போடுகிற பையன் எங்கள் தெருவில் மூன்றாவது மாடிவரை தோளில் ஏற்றுகிறான். இருபது லிட்டர், இருபது கிலோ. மாடிக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம், அந்த ஐந்து அவனுக்கு இல்லையாம். எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். என் மனைவி அவன் கொண்டுவந்த கேனைத் திறந்துதான் ஊற்றிக் கொடுத்தாள். வேறு தண்ணீர் வீட்டில் இல்லை.

ஐந்தாவது, ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை முப்பது கிலோமீட்டர் வருவதற்கு ரயிலில் பத்து ரூபாய். ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வர இருபது ரூபாய். எனக்குப் போகவர மாதம் 1,000. சகலைக்கு முப்பது வீதம் 1,500. தனி ஆட்டோ என்றால் அது தனிக் காவியம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு மீட்டர் கட்டணம் வைத்தது 2013-ல். அதற்குப் பிறகு பெட்ரோல் ஏறியது, கேஸ் ஏறியது, இன்ஷூரன்ஸ் ஏறியது, அரசுக் கட்டணம் ஏறவில்லை. அதனால் மீட்டர் போடாமலிருக்க அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, கேட்டதைக் கொடுக்க எனக்கு விதி கிடைத்துவிட்டது. நடுவில் இருக்க வேண்டியவர் நடுவில் இல்லை. நானும் ஆட்டோக்காரரும் தெருவில் நின்று ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொள்கிறோம்.

“கிளாம்பாக்கத்தச் சொல்லுங்க” என்றார் சகலை பல்லைக் கடித்தபடி. 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்டத்துக்குப் போகிற பஸ் கோயம்பேட்டை விட்டு அங்கே போனது. ஆவடிக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கம் போய்ச் சேர ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணத்தில் விழுப்புரத்துக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போய்விடலாம். “நம்ம ஊர்ல பஸ் ஏறணும்னா மொதல்ல பஸ் ஸ்டாண்டுக்கு டூர் போவணும் சகல.”

ஆறாவது, பிள்ளைக்கு ஸ்கூல் வேன். எனக்கு 1,200, அவருக்கு 2,200. என் மகன் பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தே போகலாம். எதன்மேல் நடப்பது என்பதுதான் கேள்வி. நடைபாதை இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், அதன் காலடியில் பானிபூரி வண்டி, அதையொட்டிக் கட்சிக் கொடிக்கம்பம், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் தோண்டிவிட்டு மூடாத பள்ளம். பள்ளத்தில் யாரோ புண்ணியவான் அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறார். அது துளிர்த்துவிட்டது. அத்தனை நாளாக அந்தப் பள்ளம் அங்கே இருக்கிறது.

ஏழாவது, கரண்ட். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் கொடுக்கிறது. கொடுப்பது எனக்கு. வாங்குவது என் ஓனர். அவர் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டியிருக்கிறார். மாதம் பிறந்தால் படிக்கட்டடியில் செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த மீட்டரை அவர் வாசிக்கிற பக்தியைப் பார்த்தால் பஞ்சாங்கம் படிக்கிறார் என்று தோன்றும். யூனிட் ஒன்பது ரூபாய். அரசாங்கம் எனக்குச் சும்மா கொடுத்ததை இவர் எனக்கே ஒன்பது ரூபாய்க்கு விற்கிறார். நான் மாதம் 100 யூனிட் எரித்து 900 கொடுக்கிறேன். சகலைக்கு யூனிட் பத்து, 1,000. இலவசத்தால் நாடு குட்டிச்சுவராகிறது என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டுக்கொண்டு கொதிக்கிறார்களே, அந்தப் பெரியவர்கள் தயவுசெய்து எங்கள் படிக்கட்டடிக்கு வர வேண்டும். இலவசம் யார் சட்டைப்பையில் போய் விழுகிறது என்று டார்ச் அடித்தே காட்டுகிறேன்.

எட்டாவது வரி அவருக்கு மட்டும். செப்டிக் டேங்க் லாரிக்கு மாதப் பங்கு 500. அதைச் சொல்லும்போது சகலை கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார்.

பால், அரிசி, பருப்பு எழுதவில்லை. ஆவின் நீலப் பாக்கெட் ஆவடியிலும் இருபது ரூபாய், தாம்பரத்திலும் இருபது ரூபாய். ரேஷன் அரிசி இரண்டு ஊரிலும் இலவசம். அரசு நேரடியாக விற்கிற பொருளுக்கு ஊர் வித்தியாசம் கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தோம். அரசு எங்கே கையை விரித்ததோ, அங்கேதான் ஊருக்கு ஊர் விலை.

கூட்டினோம். தாம்பரம் 19,320. ஆவடி 19,060.

வித்தியாசம் 260 ரூபாய்.

இருவரும் டைரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பதினோரு வருடமாக ஒவ்வொரு பண்டிகைக்கும் சண்டை போட்டு, ஒருவர் ஊரை ஒருவர் நாறடித்து, பெண்டாட்டிகளை முகம் திருப்ப வைத்ததெல்லாம் 260 ரூபாய்க்கு. சினிமாவுக்கு இரண்டு பேர் போய்விட்டு பாப்கார்ன் வாங்காமல் திரும்பிவருகிற காசு.

அடுக்களையிலிருந்து அத்தை வந்தார். மூன்றாவது வகுப்புவரை படித்தவர். டைரியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நீங்க குடுக்க வேண்டியது எது, குடுக்க வேண்டாதது எது?” என்று கேட்டார்.

“புரியல அத்தை.”

“கொழா வந்தா லாரி எதுக்கு? தண்ணி நல்லாருந்தா கேனு எதுக்கு? பஸ்ஸு ஓடுனா ஆட்டோ எதுக்கு? அதத் தனியா எழுதிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேடிப் போய்விட்டார்.

எழுதினோம். லாரி, கேன், ஷேர் ஆட்டோ, நடக்கப் பாதையில்லாத வேன், ஓனருக்குப் போன இலவச மின்சாரம், பாதாளச் சாக்கடை வராததால் செப்டிக் லாரி. எனக்கு 3,870 வந்தது. சகலைக்கு 6,360. இரண்டுக்கும் வித்தியாசம் 2,490.

எங்கள் வாடகை வித்தியாசம் 2,500.

பத்து ரூபாய் பிசகில் அத்தனையும் வெளிச்சமாகிவிட்டது. சகலைக்கு வாடகையில் யாரும் சலுகை காட்டவில்லை. அங்கே குழாய் இல்லை, பஸ் இல்லை, சாக்கடை இல்லை. இல்லாததற்கெல்லாம் சேர்த்து வாடகையில் ஒரு தள்ளுபடி. தள்ளுபடிப் பணத்தை அவர் வலது கையில் வாங்கி, இடது கையால் லாரிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்ததாக என் வீட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தார். மலிவான ஊர் என்று நாம் சொல்வது அரசாங்கம் இன்னும் எட்டிப் பார்க்காத ஊரை.

சரி, அரசாங்கம் எட்டிப் பார்த்தால்? அதற்கும் பில் உண்டு. 2022-ல் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிவரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டிய வீட்டுக்கு இங்கெல்லாம் 100 சதவீதம். வரி கட்ட வேண்டியவர் ஓனர். ஆறு மாதத்துக்கு அவருக்குச் சில நூறு ரூபாய் கூடியது. “வரி ஏத்திட்டாங்க தம்பி” என்று எனக்கு மாதம் ஐந்நூறு ஏற்றினார். வருடத்துக்கு ஆறாயிரம். அரசாங்கம் அவர் காதைத் திருகினால் கத்துவது நான்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் இருபத்தோரு மாடி டைடல் பார்க் திறந்தார்கள். நல்ல விஷயம், பிள்ளைகளுக்கு வேலை வரட்டும். சகலை அதில் வேலைக்குப் போகப் போவதில்லை. திறப்பு விழாப் படம் பேப்பரில் வந்த வாரமே அவர் ஓனர் மட்டும் அந்தப் படத்தைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “ஏரியா டெவலப் ஆவுது சார்” என்றாராம். எங்களுக்கு “வளர்ச்சி” என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாக மணிபர்ஸுக்குப் போகிறது. யாரோ வளர்வதற்கு நாம் இடம் விட வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

ஊர் வளரும்வரை அந்தப் பள்ளத்தில் வேப்பங்கிளை நட்டுக் குடியிருப்பவன் வாடகைக்காரன். குழாய் வந்து, ரோடு வந்து, பஸ் வரும் அன்று வாடகை ஏறி, அவன் அடுத்த பள்ளத்துக்குப் போவான். தி.நகரிலிருந்து குரோம்பேட்டை, குரோம்பேட்டையிலிருந்து முடிச்சூர் என்று என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறோம். இப்படியே போனால் என் பேரன் திண்டிவனத்தில் இருப்பான். அதுவும் அன்றைய விளம்பரத்தில் “தாம்பரத்துக்கு மிக அருகில்” என்றுதான் இருக்கும். இவ்வளவு கொள்ளை நடக்கும்போது நாங்கள் செய்த வீரச்செயல் என்ன? எந்தக் கசாப்புக் கடையில் தராசு சரியாக இருக்கிறது என்று இரண்டு ஆடுகள் பதினோரு வருடம் வாக்குவாதம் செய்திருக்கின்றன.

வாசலில் ஓனரின் பேத்தி வந்து நின்றாள். “தாத்தா உங்கள ஒரு நிமிஷம் வரச் சொன்னாரு அங்கிள்.”

போனேன். பொங்கல் நல்வாழ்த்து சொன்னார். கரும்புத் துண்டு ஒன்று கொடுத்தார். “சித்திரையிலேர்ந்து ஒரு ஆயிரம் சேத்துக் குடுத்துடுங்க தம்பி. மெட்ரோ வருதில்ல.”

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம்வரை 15.46 கிலோமீட்டர், கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம்வரை 21.76 கிலோமீட்டர் என்று மெட்ரோ இரண்டு பக்கமும் திட்ட அறிக்கைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இதை எழுதும்வரை ஒரு பெட்டியும் தண்டவாளத்தில் ஓடவில்லை. வந்தாலும் ஜி.எஸ்.டி. ரோட்டோடு போகுமே தவிர, முடிச்சூர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னும் வராத ரயிலுக்கு, என் தெருவுக்கு வராத ரயிலுக்கு, சித்திரையிலிருந்து நான் மாதம் ஆயிரம் ரூபாய் டிக்கெட் எடுக்கிறேன். இந்த ஊரில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் அபராதம். பயணமே இல்லாமல் டிக்கெட் வாங்கினால் அதற்குப் பெயர் வாடகை.

அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு “சரிங்க சார்” என்றேன்.

திரும்பி வந்து சொன்னேன். சகலை சிரிக்கவில்லை. டைரியில் என் பக்கத்தில் 1,000 சேர்த்து எழுதினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செல்போனை எடுத்து யாருக்கோ போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“அண்ணே, நம்ம சகலைக்கு ஒரு வீடு வேணும். திருநின்றவூர் பக்கமானாலும் பரவால்ல. உள்ள தள்ளி இருந்தாலும் ஓகே.”

“இருக்கு சார். ஒம்பதாயிரம்தான். புது வீடு, புதுப் பெயின்ட்.”

இத்தனை கணக்குப் போட்டவன், இத்தனை கொதித்தவன், அத்தை கேட்ட கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தவன், வெட்கமில்லாமல் போன் பக்கம் குனிந்து கேட்டேன்.

“தண்ணி எப்படிங்க?”